நாற்பத்திரண்டு கட்டங்கள்

என் வேலை எளிது.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்,
படிவத்தின் நாற்பத்திரண்டு கட்டங்களை நிரப்பவேண்டும்,
இருட்டுமுன் வெராக்ரூஸ் திரும்பிவிடவேண்டும்.

கட்டேமாகோ ஏரி தாண்டி
தார் முடிந்து செம்மண் தொடங்கி
செம்மண்ணும் சலித்துப்போய் வெறும் கல்லாகும் இடத்தில்
காத்திருந்தார் தோமித்திலா உஸ்காங்கா,
இடுப்பளவு உயரத்தில் ஒரு தகரப் பெட்டியோடு.
சஃபாரி. எழுபத்து நான்காம் வருடத்து வண்டி.
அப்போது ஆரஞ்சு நிறமாம்.
இப்போது, அறுத்துவைத்து மறந்துபோன பப்பாளி.
ஐந்து வயதுப் பிள்ளையிடம் கார் வரையச் சொன்னால்
கோடு பிசகாமல் இதைத்தான் வரையும்.

தேனீ வளர்ப்போர் கூட்டுறவில்
காப்பீடு இல்லாத வண்டிக்குக் கடன் இல்லையாம்.
"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

குளிர்சாதனம்?
சிரித்தார். இல்லை என்று குறித்தேன்.
ரேடியோ?
அது இருந்த ஓட்டையில் ஒரு தீப்பெட்டி.
ரேடியேட்டர்?
எஞ்சின் பின்னால், காற்றிலேயே ஆறுகிறது.
கொதிக்க அதில் ஒன்றுமில்லை.
பக்கக் கண்ணாடி? தைத்த பிளாஸ்டிக்,
புரை விழுந்த கண்போல.
கதவுகள்?
"இன்றைக்கு இல்லை."

இன்றைக்கா?

கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தன நான்கும்.
முன் இடதைக் கழற்றிப் பின் வலதில் மாட்டலாமாம்.
ஒன்றில் ஆடு முட்டி விளையாடியிருக்கிறது.
ஒன்று, இரண்டு கல்லின்மேல் கிடந்து
மேசையாக இருக்கிறது. அதன்மேல் காபிக் குவளை.

ஓட்டிப் பார்க்கச் சொல்லி எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
ஏறி உட்கார்ந்தேன்.
பின்னிருக்கையை மடக்கிய இடத்தில் மூன்று தேன்பெட்டிகள்,
கயிற்றுக்குள் உறுமிக்கொண்டு.
முன்கண்ணாடியை மடித்து மூக்கின்மேல் படுக்கவைத்தார்.
பிறகு, சாலை நேராக என் மடிக்கு வந்தது.

என் கம்பெனி வண்டியில்
மலை என்பது ஓடும் படம்.
பெல்ட் போடாவிட்டால் அது என்னை அதட்டும்.
இதில், காயவைத்த புகையிலை ஏறிக்கொண்டது,
யாரோ வறுக்கும் மிளகாய் ஏறிக்கொண்டது,
தும்மினேன்,
வேலியோரம் நின்ற சிறுவன் "சலூத்!" என்றான்,
அவன் தலையைத் தொட்டிருக்கலாம், அவ்வளவு பக்கம்.

சொல்லாமல் வந்தது மழை.
நான் கூரையைத் தேடினேன்.
கூரை இருந்தது. தேனீக்களின்மேல்,
நான்கு மூலையும் இறுக்கிக் கட்டி.
"நமக்கு?"
"துணியை ஏற்ற இருபது நிமிஷம்.
மழை பதினைந்து நிமிஷம்."

கட்டைவிரலால் தரையில் ஒரு ரப்பர் மூடியைத் தள்ளினார்.
கணுக்கால் வரை நின்ற தண்ணீர்
வண்டிக்குள் வந்த அதே அலட்சியத்தோடு
வெளியேறிப் போனது.
நானும் நனைந்திருந்தேன், சட்டை, பர்ஸ், அடையாள அட்டை எல்லாம்.
பள்ளிக்கூடம் விட்டதுபோல் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன்.

மலைச்சரிவில் பெட்டிகளை இறக்கினோம்.
ஒரு வாளித் தண்ணீரை இருக்கைகள்மேல் விசிறினார்.
அதுதான் உள்ளலங்காரப் பராமரிப்பு,
கட்டம் முப்பத்தொன்று.

"விற்பீர்களா?"
வாய் என்னை முந்திக்கொண்டது.

அவர் என்னை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்,
நான் வண்டியைப் பார்த்ததுபோல.
"கதவுகளுக்கு மட்டும் காப்பீடு போடுங்கள்.
கொழுந்தன் கண் வைத்திருக்கிறான்.
வண்டியை யார் திருடுவது?
அது எங்கே போகிறது என்று ஊரே பார்க்கும்."

சந்தை மதிப்பு: கடைசிக் கட்டம்.
பேனா எழுத மறுத்தது, ஈரம்.
அப்படித்தான் மேலாளரிடம் சொல்வேன்.

திரும்பும் வழியில் வெள்ளைக் காரின்
நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன்.
பெல்ட், பெல்ட் என்று அது கத்தியது.
என் காலரில் ஒரு தேனீ,
வெராக்ரூஸ்வரை,
எந்தக் காப்பீடும் இல்லாமல்.